தொம்பை தைக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பெங்களூரில் ஃபிளாட் வாங்கிய நம்மவர்கள் பலருக்கு, தேரில் தொங்கும் துணி அலங்காரமான தொம்பை மாதிரி ஒன்றைத் தைத்து ஹாலில் மாட்ட வேண்டும் என்று ஆசை. நல்ல ஆசைதான், ஆனால் சிக்பேட்டைக்குப் போய்த் துணி எடுப்பதற்கு முன்னால், அந்தப் பொருள் எதற்காக அப்படி இருக்கிறது என்று கொஞ்சம் யோசித்துவிடுங்கள்.

திருவாரூர் ஆழித்தேர் அலங்காரம் முடிந்தபின் 96 அடி உயரம். அவ்வளவு மேலே காற்றில் ஆடுகிற துணி, கீழே வீதியில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு என்று அடர்ந்த நிறங்களில் பெரிய பெரிய உருவங்களாக வெட்டி, அடித்துணியின் மேல் வைத்துத் தைக்கும் ஒட்டுத்தையல் போடுகிறார்கள். இதை விட்டுவிட்டு மணி, ஜரிகை, கண்ணாடி என்று ஒரே துணியில் திணித்தால் பத்தடி தள்ளிப் பார்க்கும்போது வெறும் கசகசப்புதான் மிஞ்சும்.

அடுத்தது கணக்கு. முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடும் இடம் இதுதான். தொம்பை உருளை வடிவம். 10 அங்குல விட்டமுள்ள வளையம் என்றால் சுற்றளவு சுமார் 31½ அங்குலம், தையலுக்கு விடுவது தனி. நாலரை அங்குல அகலத்தில் தாமரை வைத்தால் ஏழு தாமரை சரியாகச் சுற்றி வந்து சேரும். ஐந்து அங்குலத்தில் வைத்தால் இணைப்பில் பாதிப் பூ அறுந்து நிற்கும். ஒரு பக்கம் நின்று பார்ப்பவருக்குப் பாதி வட்டம்தான் தெரியும் என்பதால் நீளமான ஊர்வலக் காட்சியை வைத்தால் யானைக்குத் தலை மட்டும், குதிரைக்கு வால் மட்டும் என்றாகிவிடும். சின்ன உருவம் திரும்பத் திரும்ப வருவதுதான் அழகு. ஒட்டுத்தையலை எல்லாம் துணி தட்டையாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள், அப்புறம்தான் உருட்டி மூட்ட வேண்டும்.

சாயம் விஷயத்தில் ஒரு நம்பிக்கையைக் கைவிடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சிவப்பு நின்றுவிடும் என்பார்கள், நிற்காது. சாயம் ஏற்றும்போது நூலில் பிடிக்க உப்பு உதவும், ஏற்றி முடித்த துணியில் கழன்று வருவதை அது தடுக்காது. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக அலசி, ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் மறுபடி அலசுங்கள், அப்போதும் இறங்கினால் அந்தத் துணி இந்த வேலைக்கு வேண்டாம். காடாத் துணியையும் ஒரு ராத்திரி ஊறவைத்துச் சுருக்கிவிட்டு வெட்டுங்கள்.

பசை வேண்டவே வேண்டாம். நாளாக நாளாக விறைத்து மஞ்சளாகிவிடும். கால் அங்குலம் கூடுதலாக வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, கையால் தையுங்கள். அடித்துணியின் நூலோட்டமும் மேல்துணியின் நூலோட்டமும் ஒரே பக்கம் போகட்டும், இல்லாவிட்டால் தொங்கவிட்டதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும்.

கடைசியாக, பெங்களூர் குமார கிருபா சாலையில் நடக்கும் ஓவியச் சந்தையான சித்திரச் சந்தை மாதிரி இடத்தில் விற்கிற எண்ணம் இருந்தால், அச்சடித்த துணியில் தைத்துவிட்டுக் ‘கையால் வரைந்த கலம்காரி’ என்று எழுதாதீர்கள். கருப்பூர் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்பைத் தொட்டு ஒவ்வொரு கோடாக இழுப்பவர்களின் பிழைப்பு அது. நீலகிரித் தோடர் பழங்குடியினரின் பூவேலைக்கும் இதேதான். வரைபடம் இல்லாமல் இழையை எண்ணி எண்ணித் தைப்பது அது, இறந்தவரைப் போர்த்தும் துணியும் அதில் உண்டு. பழைய தோடர் போர்வை ஒன்று கைக்குக் கிடைத்தால் தயவுசெய்து குஷன் உறைக்காக அதில் கத்தரி வைக்காதீர்கள்.