கழுத்தில் முன்பு அடிபட்டவர்கள் தீம் பார்க் ரைடுகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ரைடு எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்றுதான் பெரும்பாலும் பார்க்கிறோம். பழைய கழுத்துக் காயம் உள்ளவர் பார்க்க வேண்டியது வேறு: தலை எந்தப் பக்கம், எவ்வளவு திடீரென்று வெட்டி இழுக்கப்படுகிறது? ஒரே சீரான வேகத்தில் நேராக ஓடும் வண்டி எவ்வளவு வேகமாகப் போனாலும் கழுத்துக்குச் சிரமமில்லை. மெதுவாக ஊர்ந்து வரும் பம்பர் கார் பின்னாலிருந்து ஒருமுறை இடித்தால் போதும், ஆறிய வலி மறுபடி கிளம்பிவிடும்.

பெரியவர்களின் தலை சுமார் 4.5 முதல் 5 கிலோ எடை இருக்கும். அதை ஏழு முள்ளெலும்புகளும், அவற்றுக்கு இடையிலுள்ள டிஸ்க்குகளும், தசைநார்களும், தசைகளும் தாங்குகின்றன. ரோலர் கோஸ்டர் பள்ளத்தில் இறங்கி மேலே திரும்பும்போது 4ஜி விசை (புவியீர்ப்பு விசையைப் போல நான்கு மடங்கு) வந்தால், அந்தச் சில கணங்களுக்குக் கழுத்து சுமப்பது ஏறக்குறைய 20 கிலோ. தலை நேராக இருந்தால் இந்த அழுத்தத்தை ஆரோக்கியமான கழுத்து சமாளித்துவிடும். குனிந்தோ திரும்பியோ இருக்கும்போது வந்தால்தான் சிக்கல். பக்கவாட்டு உதறல் அதைவிட மோசம். எதிர்பாராமல் வரும்போது தசைகள் இறுகுவதற்குள் உலுக்கல் முடிந்துவிடுகிறது.

படி 1: முதலில் மருத்துவர்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும், மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை எந்த ரைடிலும் ஏறாதீர்கள்.

- கையில் மரத்துப்போதல், ஊசி குத்தும் உணர்வு, பிடி தளர்தல்
- கழுத்தைக் குனிந்தால் முதுகிலோ கைகால்களிலோ மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு
- நடையில் தள்ளாட்டம், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுதல்

கழுத்து எலும்புகளை இணைக்கும் அறுவை சிகிச்சை செய்தவர்கள், எலும்புத் தேய்மானமோ முடக்குவாதமோ உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்கும் மருத்துவரின் அனுமதி கட்டாயம். எலும்புகளை இணைத்த இடம் அசையாது. அது செய்ய வேண்டிய அசைவும் சேர்ந்து மேலும் கீழும் உள்ள மூட்டுகளின் தலையில் விழும்.

“ரைடு போகலாமா?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். இப்படிக் கேளுங்கள்: என் கழுத்து எலும்புகள் நிலையாக இருக்கின்றனவா? திடீர் உலுக்கல், மேலிருந்து வரும் அழுத்தம், பக்கவாட்டுத் திருப்பம் இவற்றில் எது எனக்கு ஆகாது? பழைய ஸ்கேன் இருந்தால் எடுத்துப் போங்கள்.

படி 2: வீட்டிலேயே வீடியோ பாருங்கள்

பெரும்பாலான பெரிய ரைடுகளுக்கு இணையத்தில் வீடியோ உண்டு. தண்டவாளத்தைக் காட்டும் வீடியோவைவிட, அமர்ந்திருப்பவர்களின் முகத்தைக் காட்டும் வீடியோதான் உங்களுக்கு உதவும். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, தலைகளை மட்டும் கவனியுங்கள். வளைவுகளில் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பது பரவாயில்லை. இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்துக்கொண்டால் அந்த ரைடை விட்டுவிடுங்கள். கடைசியில் பிரேக் போடும் இடத்தைத் தவறாமல் பாருங்கள். ஓட்டம் முழுக்க மென்மையாக இருந்துவிட்டு, முடிவில் தலையை முன்னால் தூக்கியடிக்கும் ரைடுகள் இருக்கின்றன.

படி 3: வகை பிரியுங்கள்

பம்பர் காரை முழுவதுமாகத் தவிர்த்துவிடுங்கள். எந்தத் திசையிலிருந்து, எப்போது இடி வரும் என்று தெரியாது. மரத்தாலான கோஸ்டர்களில் அதிர்வு ஓயாமல் இருக்கும், அவையும் வேண்டாம். தலைகுப்புறப் படுத்துச் சறுக்கும் நீர்ச்சறுக்கில் முகத்தை நிமிர்த்தியே வைக்க வேண்டியிருப்பதால் கழுத்து பின்னால் மடிந்தபடி இருக்கும்.

பலர் ஏமாறுவது சிறிய கோஸ்டர்களில்தான். உயரம் குறைவு, குழந்தைகளும் ஏறுகிறார்கள் என்று நம்பி அமர்வார்கள். அவற்றில் சில, சாய்வே இல்லாத தட்டையான தண்டவாளத்தில் சட்டென்று வெட்டித் திரும்பும். ஒவ்வொரு திருப்பமும் ஒரு பக்கவாட்டு அடி. நன்றாகச் சாய்த்து அமைத்த வளைவுகள் கொண்ட பெரிய இரும்புக் கோஸ்டர் அதைவிட மென்மையாக இருப்பது உண்டு. குறைந்தபட்ச உயர அளவு, ரைடு மென்மையானது என்பதற்குச் சான்று அல்ல.

சிமுலேட்டர் அரங்குகளில் இருக்கை எதிர்பாராமல் குலுங்கும். அசையாத இருக்கை உண்டா என்று ஊழியரிடம் கேளுங்கள். சில அரங்குகளில் கிடைக்கும். கண்களை மறைத்து வேறு காட்சி காட்டும், தலையில் மாட்டும் விஆர் கண்ணாடி வேண்டாம்: தலையின் எடையும் கூடுகிறது, வரும் திருப்பமும் தெரிவதில்லை. சுவரோடு ஒட்ட வைத்துச் சுழற்றும் ரைடில் ஏறினால், சுழலும்போது தலையைத் திருப்பவே கூடாது.

ராட்சத ராட்டினம், குடை ராட்டினம், பூங்காவைச் சுற்றும் ரயில், மெதுவாக நகரும் படகு இவற்றிலிருந்து தொடங்கலாம். கப்பல் ஊஞ்சலில் வேகம் படிப்படியாகக் கூடுவதால் தசைகளுக்கு அவகாசம் கிடைக்கும். அதிலும் நடு வரிசையே நல்லது, இரு முனைகளிலும் வீச்சு அதிகம்.

படி 4: வரிசையில் சேருமுன்

எச்சரிக்கைப் பலகையில் கழுத்து, முதுகு என்று எழுதியிருந்தால் அது உங்களுக்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. மருத்துவர் அந்த வகை ரைடுக்கென்றே அனுமதி தந்திருந்தால் ஒழிய நகர்ந்துவிடுங்கள். பலகையில் அப்படி எழுதியிருக்காவிட்டால், வெளியே நின்று இரண்டு சுற்றுகளாவது பாருங்கள். இறங்கி வருபவர்கள் கழுத்தைத் தடவிக்கொண்டோ காதைப் பிடித்துக்கொண்டோ வருகிறார்களா? தோள்மேல் இறங்கும் தடுப்புக் கம்பி காதோடு மோதும் ரைடின் அடையாளம் அது.

காலையில் எழுந்ததும் தலையை வலமும் இடமும் மெதுவாகத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். 45 பாகை வரைகூட வலியில்லாமல் திரும்பவில்லை என்றால் அன்று ரைடு வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுவது இதைவிட ஆபத்து. நிறுத்தச் சொல்லும் வலியை அது மறைத்துவிடும்.

படி 5: எங்கே, எப்படி உட்காருவது

கோஸ்டரில் நடு வரிசையைக் கேளுங்கள். கடைசிப் பெட்டி உச்சியைத் தாண்டும்போது வெடுக்கென்று இழுக்கப்படும். ஒரு பெட்டியில் பல வரிசைகள் இருந்தால், சக்கரத்துக்கு நேர் மேலே இல்லாத வரிசையில் அதிர்வு குறையும். தலைசாய்வு உங்கள் பின்மண்டை வரை வருகிறதா என்று பாருங்கள். கழுத்தோடு முடிந்துவிட்டால் தலை அதன்மேல் பின்னால் மடியும், இறங்கிவிடுங்கள்.

உட்கார்ந்ததும்:

1. இடுப்பை இருக்கையின் பின்பக்கத்தோடு ஒட்டி, இடுப்புக் கம்பியை உடலோடு இறுக்கமாக இறக்குங்கள்.
2. வண்டி கிளம்புமுன்பே பின்மண்டையைத் தலைசாய்வில் பதியுங்கள். சீறிக் கிளம்பும் ரைடுகளில் தலை முன்னால் இருந்தால் பின்னால் அறைபடும்.
3. மோவாயைச் சற்று உள்ளிழுத்து, பற்களைச் சேர்த்து, பார்வையை முன்னால் வையுங்கள்.
4. கைப்பிடியைப் பிடியுங்கள். கைகளைத் தூக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவரையோ கேமராவையோ திரும்பிப் பார்க்க வேண்டாம்.
5. வண்டி முழுதாக நிற்கும்வரை இதே நிலையில் இருங்கள்.

கழுத்துப் பட்டையோ பயணத் தலையணையோ மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள். அவை இந்த விசையைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல, கம்பி சரியாகப் பொருந்துவதையும் கெடுக்கும்.

படி 6: ரைடுக்குப் பிறகு

ஒன்றில் இறங்கியதும் அரை மணி நேரமாவது இடைவெளி விட்டு, தலையை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். காலையில் இருந்ததைவிட இறுக்கமாக இருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். கழுத்து உலுக்கலின் வலி பல மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தலைகாட்டும் என்பதால், ஒரே நாளில் மூன்று நான்கு புதிய ரைடுகளைச் சோதிக்காதீர்கள்.

லேசான தசைப் பிடிப்பு சில நாட்களில் குறையும். ஆனால் இதுவரை இல்லாத கடுமையான கழுத்துவலி அல்லது ஒருபக்கத் தலைவலி, பார்வை இரட்டையாகத் தெரிதல், பேச்சு குழறல், முகம் கோணுதல், கைகால் பலவீனம், தொடர் வாந்தி, சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல் இவற்றில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தாலும், தலைக்குள் இரத்தம் கசிந்தாலும் அறிகுறிகள் சில நாட்கள் கழித்துக்கூட வரலாம். அதனால் எந்தத் தேதியில் எந்த ரைடில் ஏறினீர்கள் என்பதை மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.