‘ஹியரினாஃப்டர்’ கண்டால் பென்சிலை எடுங்கள்

கல்லடியில் ஒரு கடை அறையைக் குத்தகைக்கு எடுக்கப்போனபோது, இங்கிலீசில் எழுதிய ஒப்பந்தம் கைக்கு வந்தது. சொந்தக்காரர் வெளிநாட்டில். முதல் பந்தியிலேயே ‘ஹியரினாஃப்டர்’ என்றொரு சொல். அதைப் பிடித்துக்கொண்டால் மீதிப் பக்கங்கள் தானாக வழிவிடும்.

1. சொல்லை உடையுங்கள். ‘ஹியர்’ என்றால் இந்தப் பத்திரம், ‘இன்’ அதற்குள், ‘ஆஃப்டர்’ இந்த இடத்துக்குப் பிறகு.

2. நான் மாட்டிக்கொண்டு நின்றது இங்கேதான். ‘ஆஃப்டர்’ என்றதும் மனம் நாளைக்கும் மறுநாளைக்கும் ஓடும். ‘இனிமேல் இவர் லெசர் (குத்தகைக்குக் கொடுப்பவர்)’ என்று வாசித்தால், அப்போ இதுவரை யார் என்ற குழப்பம் வரும். இது காலக்கணக்கே இல்லை, தாளில் மேல் கீழ்க் கணக்கு. ‘ஹியரினாஃப்டர் கோல்ட் த லெசர்’ என்றால், இந்த வரிக்குக் கீழே இவருடைய பெயரைத் திரும்ப எழுத மாட்டோம், ‘லெசர்’ என்றே குறிப்போம், அவ்வளவுதான். காலத்தைச் சொல்ல ‘ஹென்ஸ்ஃபோர்த்’ தனியாக இருக்கிறது.

3. போட்டோக்கொப்பியில், அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் பட்டத்தை வட்டமிடுங்கள். லெசர் கொடுப்பவர், லெசீ எடுப்பவர். அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் மேலே ‘சொந்தக்காரர்’, ‘நான்’ என்று எழுதிவிடுங்கள். ஹைலைட்டர் வேண்டவே வேண்டாம், பக்கம் முழுக்க மஞ்சளானதுதான் மிச்சம்.

4. பட்டத்தை ஒட்டி, வாரிசுகளையும் நிறைவேற்றுநர்களையும் (மரணசாசனத்தை நிறைவேற்றுபவர்கள்) சேர்த்துக்கொள்ளும் நீண்ட வாசகம் ஒன்று வரும். அலுப்பாக இருந்தாலும் தாண்டாதீர்கள். கையெழுத்து வைத்தவர் காலமானாலும் பிள்ளைகள் கட்டுப்பட வேண்டும் என்று சொல்வது அதுதான்.

5. மற்றவையும் இதே குடும்பம். ‘தேர்ஆஃப்’ என்றால் அதன். ‘ஷெடியூல் ஹியர்டு’ என்றால் இத்துடன் உள்ள அட்டவணை; காணியின் எல்லைகளும் பேர்ச் கணக்கும் அங்கேதான் இருக்கும்.

நீங்கள் எழுதும் சாதாரணக் கடிதத்தில் இந்தச் சொல்லைப் போடாதீர்கள். பிரதேச செயலகத்துக்கு அனுப்பும் அரைப்பக்க விண்ணப்பத்தில் அது வீண் பந்தா.

பிற்சேர்க்கை: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர், தன் உறுதியில் ‘ஹியரின்பிஃபோர்’ என்று இருப்பதாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே தேட வேண்டாம், மேலே தேடுங்கள். காணி விற்பனை உறுதி 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்கக் கையெழுத்தாவது. வாசித்து விளக்குவது நொத்தாரிசின் கடமை, கூச்சப்படாமல் கேளுங்கள்.