போட்டியால் உற்பத்தித்திறனும் வேலைவாய்ப்பும் எப்படி மாறுகின்றன என்று கணக்கிடும் முறை

போட்டி கூடினால் வேலை போய்விடும் என்று ஒரு சாராரும், போட்டிதான் வளர்ச்சி தரும் என்று மறு சாராரும் உறுதியாகச் சொல்கிறார்கள். இருவருமே பெரும்பாலும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, போட்டி மாறுவதற்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகளின் விவரங்களைத் திரட்டுவதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் போட்டியை அளக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்தின் சந்தைப் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் ஹெர்ஃபிண்டால்-ஹிர்ஷ்மன் குறியீடு கிடைக்கும். 50, 30, 20 விழுக்காடு என மூன்று நிறுவனங்கள் இருந்தால் அது 3,800. எண் உயர உயர, சந்தை சிலர் கையில் குவிந்து போட்டி குறைவாக இருக்கிறது என்று கொள்வார்கள். ஆனால் திறமையான ஒரு நிறுவனம் மற்றவர்களை வென்று வளர்ந்தாலும் இந்த எண் உயரும் என்பதால், இதை மட்டும் நம்பக் கூடாது. புதியவர்கள் நுழைய முடிகிறதா, இறக்குமதி வருகிறதா, செலவுக்கு மேல் வைக்கும் விலை குறைகிறதா என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது உற்பத்தித்திறன். விற்பனைத் தொகையைத் தொழிலாளர் எண்ணிக்கையால் வகுப்பதோடு நிறுத்திக்கொண்டால் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். போட்டி விலையைக் குறைக்கும்போது, முன்பைவிட அதிகப் பொருள் செய்தவர்கூடக் குறைவாகச் செய்தவர்போலத் தெரிவார். ஆகவே, பொருளின் எண்ணிக்கையையோ, விலை மாற்றத்தை நீக்கிய மதிப்பையோ கொள்ள வேண்டும்.

கிடைத்த உயர்வு எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையின் மையம் என்பேன். முதல் நிறுவனத்தில் 60 பேர் தலைக்கு 8 வீதமும், இரண்டாவதில் 40 பேர் தலைக்கு 13 வீதமும் பொருள் செய்தால், மொத்தம் 1,000, சராசரி 10. வாடிக்கையாளர்கள் இடம் மாறியதால் 20 பேர் முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போனால், மொத்தம் 1,100 ஆகிறது. எந்த நிறுவனமும் திருந்தாமலேயே சராசரி 10 விழுக்காடு உயர்ந்துவிடுகிறது.

நிறுவனமே திருந்துவதற்கு வட அமெரிக்க இரும்புத்தாதுச் சுரங்கங்கள் தெளிவான சான்று. 1980-களின் தொடக்கத்தில் பிரேசில் தாது அவற்றின் சந்தைக்குள் வந்தபோது, அதுவரை ஏறக்குறைய தேங்கிக் கிடந்த தொழிலாளர் உற்பத்தித்திறன், அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே ஏறத்தாழ இரு மடங்கானது. முக்கியக் காரணம் புதிய இயந்திரங்கள் அல்ல, வேலைமுறை மாற்றம். பழுது பார்க்கத் தனி ஆட்கள் வரும்வரை காத்திருந்த நிலை மாறி, இயந்திரத்தை ஓட்டுபவரே சிறு பழுதுகளைச் சரிசெய்யத் தொடங்கினார். அந்தச் சுரங்கங்களில் ஆட்கள் வெகுவாகக் குறைந்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். பாதியை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

வேலைவாய்ப்புக்கு வரும்போது தேவை எவ்வளவு விரிகிறது என்பதைக் கேளுங்கள். 100 பேர் 1,000 பொருள் செய்த தொழிலில் தலைக்கு 10 என்பது 12.5 ஆனால், விற்பனை மாறாத நிலையில் 80 பேரே போதும். விலை குறைந்ததால் விற்பனை 1,250 ஆனால் 100 பேரும் வேண்டும். அதற்கு மேல் போனால் புதிய ஆட்களும் வேண்டும். விலை இறங்கியதும் மக்கள் கூடுதலாக வாங்கும் பொருளா என்பதே இங்கே விடையைத் தீர்மானிக்கிறது.

ஆட்களை வேலைக்கு எடுப்பதிலும் போட்டி உண்டு. ஓர் ஊரில் வேலை தருபவர் ஒருவரே என்றால், அவர் கூலியைத் தாழ்த்தி, ஆட்களையும் குறைவாகவே வைத்துக்கொள்ள முடியும் என்று பிரிட்டன் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933-இலேயே விளக்கினார். அங்கே இன்னொரு நிறுவனம் வந்தால் கூலியும் வேலையும் சேர்ந்தே உயரக்கூடும்.

கடைசியாக, வேலை இழந்தவர்களைத் தனிப் பட்டியலாக வைத்து, எத்தனை மாதத்தில், எந்தத் தொழிலில், என்ன கூலிக்கு மறுபடி சேர்ந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தொழிலின் மொத்த எண்ணிக்கை மாறாமல் இருந்தாலும், வேலை இழந்தவரும் புதிதாகச் சேர்ந்தவரும் ஒரே ஆளாக இருப்பது அரிது.