அம்பாசடருக்கு எந்த ஆயில் பம்ப்?

சிலிண்டரை ரீபோர் செய்து, புது பேரிங் வைத்து இறக்கிய என் அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜின், சேலம் கோரிமேடு வரை சமர்த்தாக இருந்தது. ஏற்காடு மலையில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்து ஏரிக்கரையில் நிறுத்தினால், ஐடிலிங்கில், ஆயில் பிரஷர் குறைவு என்று எச்சரிக்கும் ஆயில் லைட் கண்ணடித்தது.

"பெரிய பம்ப் போட்டுடலாம்ணா" என்றார் மெக்கானிக் தம்பி. எனக்கு மனசு ஒப்பவில்லை. பெரிய பம்ப் அதிக ஆயிலைத் தள்ளும். பிரஷர் எல்லை தாண்டினால் ரிலீஃப் வால்வு அதை என்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கே திருப்பிவிடும். வீண் சூடு, பம்பைச் சுற்றும் டிரைவ் கியருக்கு வீண் சுமை. பேரிங்கில் இடைவெளி கூடி பிரஷர் விழுந்திருந்தால் அதை மறைக்கத்தான் உதவும். நம்முடையதோ புது பேரிங்.

சரி, பழைய பம்பைக் கழற்றினோம். செலவை மிச்சம் பிடிக்க அதையே திரும்ப மாட்டியிருந்தது என் தப்புதான். மூடித் தகட்டில் நகம் மாட்டும் அளவுக்கு வட்டக் கோடுகள். பம்புக்குள் சுழலும் ரோட்டர் மேல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விட்டால், 0.005 அங்குலத் தகடு தாராளமாக நுழைந்தது; அவ்வளவு தேய்மானம். ரிலீஃப் ஸ்ப்ரிங்கும் தளர்ந்திருந்தது.

ஸ்டாண்டர்டு அளவிலேயே புது பம்ப், புது ஸ்ப்ரிங். மாட்டுமுன் பம்புக்குள் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றினோம்; காய்ந்த பம்ப் சம்ப்பிலிருந்து ஆயிலை இழுக்கத் திணறும். அப்புறம் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் கேஜ் முள் எழும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டு அடித்தோம்.

மறுபடி ஏற்காடு. சூடான ஐடிலிங்கில் ஆயில் பிரஷர் 18 பிஎஸ்ஐ, ஓட்டத்தில் 50. லைட் எரியவில்லை.