ஏற்காட்டு வீட்டுக்கு ஒரு குட்டி மைக்ரோகிரிட்: முதன்முதலாகப் போடுபவர்களுக்கு

சேலம் மாவட்டத்தில் மின் உற்பத்திக்குக் குறைவில்லை. மேட்டூரில் அணையிலிருந்தும் மின்சாரம் வருகிறது, அனல்மின் நிலையமும் இருக்கிறது. ஆனால் நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் மழைக்காற்று அடித்தால் சிக்கல் கம்பியில்தான். மரங்களுக்கு நடுவே மலையேறி வரும் லைன்மேல் ஒரு சில்வர் ஓக் கிளை விழுந்தாலே போதும். ஆகவே வீட்டிலேயே கொஞ்சம் தயாரித்து, கொஞ்சம் சேமித்து, ஈபி லைன் நின்றதும் தனியாகப் பிரிந்து ஓடும் ஏற்பாடு வேண்டும். அதுதான் மைக்ரோகிரிட்.

வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஈபி லைனோடு மட்டும் இணைந்த சாதாரண ஆன்கிரிட் சோலார், கரண்ட் போனால் உச்சி வெயிலிலும் நின்றுவிடும். அறுந்த கம்பியைச் சரிசெய்யும் லைன்மேனுக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். மின்தடையிலும் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் தேவை.

படி 1: அவசியமானதைப் பிரியுங்கள்

எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அவசியமான லைன்களுக்கு மட்டும் தனி டிபி பாக்ஸ் (லைன்களைப் பிரித்துவிடும் சுவிட்ச் பெட்டி) வைக்கச் சொல்லுங்கள். கீசர், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் வெளியே இருக்கட்டும். 2,000 வாட் கீசரை பேட்டரியில் ஓட்ட நினைத்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

படி 2: கணக்குப் போடுங்கள்

வாட்டை மணியால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் யூனிட். 9 வாட் பல்பு 6, 5 மணி நேரம் என்றால் 0.27 யூனிட். 10 வாட் வைஃபை ரவுட்டர் நாள் முழுக்க 0.24. 60 வாட் டிவி 4 மணி நேரம் 0.24. ஃபிரிட்ஜுக்கு 1 யூனிட் வையுங்கள். போன் சார்ஜ் சேர்த்தால் ஏறக்குறைய 2 யூனிட்.

படி 3: பேட்டரி

51.2 வோல்ட், 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லித்தியம் பாஸ்பேட் பேட்டரியில் சுமார் 5 யூனிட் தேங்கும். அதில் 80 சதவீதம் பயன்படுத்தி, இன்வெர்ட்டர் இழப்பையும் கழித்தால் மூன்றரை யூனிட் கையில் நிற்கும். மூடுபனி விலகாத நாளிலும் வீடு இருளாது. லெட் ஆசிட் விலை குறைவுதான், ஆனால் சார்ஜைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும்.

படி 4: பேனல்

1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நல்ல வெயிலில் நாளுக்கு 4 யூனிட் வரும். நான் 2 கிலோவாட் போடச் சொல்வேன். பனி நாளில் கால்வாசி கிடைத்தாலும் அந்த 2 யூனிட் தேறிவிடும். தெற்கு பார்த்து, 10 முதல் 15 டிகிரி சாய்வு.

மலையில் பெரிய எதிரி நிழல். வரிசையில் ஒரு பேனல்மீது நிழல் விழுந்தால் மற்றவற்றின் உற்பத்தியும் சேர்ந்து இறங்கும். சித்திரையில் இடம் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், அந்தப் பக்க மரங்களின் நிழல் நீளும். காபிப் பழம் பறிக்கும் அந்த மாதங்களில்தான் பனியும் அதிகம்.

மத்திய அரசின் பிஎம் சூரிய கர் திட்டத்தில் வீட்டுக்கு 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஈபி லைனோடு இணைந்த சோலாருக்குத்தான் அது. முறையாக விண்ணப்பித்து, நெட் மீட்டரோடு (ஈபியிலிருந்து எடுப்பதையும் ஈபிக்குக் கொடுப்பதையும் கணக்கிடும் மீட்டர்) இணையுங்கள்.

படி 5: எர்த்திங்

கோடை இடி மலையில் கடுமையாக இருக்கும். இடிதாங்கிக்குத் தனி எர்த் குழி, பேனல் பக்கமும் ஈபி பக்கமும் திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர். இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது.

படி 6: சோதனை

எல்லாம் முடிந்ததும் மெயின் சுவிட்சை அணையுங்கள். விளக்குகள் அணையாமல் மாறினால் சரி. அப்புறம், தனி டிபியில் தண்ணீர் மோட்டாரும் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடக் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். இன்வெர்ட்டர் ட்ரிப் ஆனால் மோட்டாரைத் தனி டிபியிலிருந்து எடுத்து ஈபி பக்கம் மாற்றிவிடுங்கள்.