'தத்தம்' என்ற சொல்லைத் துணைகொண்டு ஆங்கிலத் தொகுதிப்பெயர்களைக் கற்பது எப்படி?

ஆங்கில இலக்கணத்தில் 'கலெக்டிவ் நவுண்' எனப்படும் தொகுதிப்பெயரை எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே படிக்கின்றார்கள். சிங்கத்துக்கு 'பிரைட்', ஓநாய்க்கு 'பக்', தேனீக்கு 'ஸ்வோம்' என்று மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் அதே பிள்ளையிடம், 'கொமிட்டி' என்ற சொல்லுக்குப் பின்னால் 'இஸ்' வருமா 'ஆர்' வருமா என்று கேட்டால், அது கூரையைப் பார்க்கத் தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகளாக மாலை வகுப்புகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வரும் எனக்கு, இதில் குறை பிள்ளைகளுடையது என்று தோன்றவில்லை. பட்டியலை முதலிலும் வினைச்சொல்லைக் கடைசியிலும் கற்பிக்கின்ற எங்கள் முறைதான் தலைகீழாக இருக்கின்றது. ஓநாய்க் கூட்டத்தை வாழ்நாளில் காணாத ஒருவருக்கு 'பக்' என்ற சொல் இல்லாமலே வாழ்க்கை ஓடும். ஆனால் ஒரு சங்கத்தின் கூட்ட அறிக்கையை எழுத உட்கார்ந்தவுடன் 'கொமிட்டி'யின் வினைச்சொல் அவருக்குத் தேவைப்படும்.

ஆகையால் ஆங்கிலக் கொப்பியைத் திறப்பதற்கு முன் இரண்டு தமிழ் வாக்கியங்களை எழுதிக்கொள்ளுங்கள். 'குழு நேற்றுக் கூடியது' என்பது ஒன்று. 'குழுவினர் தங்களுக்குள் வாதிட்டனர்' என்பது மற்றது. கூடியவர்களும் வாதிட்டவர்களும் அதே மனிதர்கள்தாம். இருந்தும் முதல் வாக்கியத்தில் அவர்கள் அஃறிணை ஒருமையாகவும், இரண்டாவதில் பலர்பாலாகவும் நிற்கின்றார்கள். இது இன்று நேற்று வந்த வழக்கன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில், 'குடிமை ஆண்மை இளமை மூப்பே' என்று தொடங்கும் நூற்பா, குழு, அரசு முதலிய சொற்களை வரிசைப்படுத்தி, அவை உயர்திணைப் பொருளில் நின்றாலும் அஃறிணை போலவே நடக்கும் என்று விதிக்கின்றது. ஆங்கிலேயர் 'கொமிட்டி'யையும் 'கவர்ன்மென்ட்'டையும் பற்றி இன்று எழுப்பும் கேள்விக்கு நமது இலக்கணக்காரர் அன்றே ஒரு விடை வைத்திருந்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். சிறுப்பிட்டியில் பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலமும் தமிழும் கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையின் ஊர்க்காரர்களாகிய நாங்கள், ஒரு மொழியின் இலக்கணத்தைக் கொண்டு மற்ற மொழியின் இலக்கணத்தைப் பிடிப்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

தமிழில் 'குழு' என்பது 'குழுவினர்' என்றும், 'அணி' என்பது 'அணியினர்' என்றும், 'குடும்பம்' என்பது 'குடும்பத்தினர்' என்றும் மாறும்போது, பெயர்ச்சொல்லே உருவம் மாறி, இனி ஆட்களைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்துவிடுகின்றது. (எங்கள் ஊர்களில் 'அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை' என்று பெயர்ப்பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அரசுக்குக்கூட அந்த விகுதியைச் சேர்த்திருக்கின்றோம்.) ஆங்கிலத்தில் அத்தகைய விகுதி இல்லை. 'கொமிட்டி' கூடினாலும் 'கொமிட்டி'தான், சண்டையிட்டாலும் 'கொமிட்டி'தான். வேறுபாட்டை அங்கே வினைச்சொல் ஒன்றே காட்ட வேண்டியிருக்கின்றது. நாம் '-இனர்' என்ற விகுதியில் சொல்வதை ஆங்கிலேயர் 'ஆர்', 'ஹவ்', 'வேர்' ஆகியவற்றில் சொல்கின்றார்கள் என்று புரிந்துகொண்டால், பாதிப் பாடம் முடிந்துவிடும்.

மற்றப் பாதிக்குத்தான் 'தத்தம்' என்ற சொல் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்போகும் கருத்தைத் தமிழில் நினைத்து, அதற்குள் 'தத்தம்' அல்லது 'தங்களுக்குள்' என்ற சொல் இயல்பாக உட்காருகின்றதா என்று பாருங்கள். உட்கார்ந்தால் பன்மை வினைக்கு இடமுண்டு. உட்காராவிட்டால் ஒருமையைப் போடுங்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் 'வடக்கின் பெரும் போர்' துடுப்பாட்டத்தை நினைத்துக்கொள்வோம். ஆட்டம் தொடங்குவதற்கு முன், 'அணியினர் தத்தம் கால்காப்புகளை அணிந்துகொண்டிருக்கின்றனர்' என்று தயக்கமின்றிச் சொல்லலாம். ஒவ்வொருவரும் தன் காலில் தானே கட்டுகின்றார். ஆகவே 'த டீம் ஆர் புட்டிங் ஒன் தெயர் பாட்ஸ்'. ஆட்டம் முடிந்த பின், 'அணியினர் தத்தம் வெற்றி பெற்றனர்' என்று சொல்லிப் பாருங்கள், வாக்கியம் நொண்டுகின்றது. வெற்றி ஒன்றே, அது முழு அணிக்கும் பொதுவானது. எனவே 'த டீம் ஹஸ் வொன்'. யாழ்ப்பாணத்துப் பழைய எழுத்து வழக்கின்படி இந்தச் சொல்லை நான் 'ரீம்' என்று எழுதியிருந்தால், அது பதினொரு பேரா, ஐந்நூறு தாள் கொண்ட கடதாசிக் கட்டா என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தக் கடதாசிக் கட்டின் பெயரும் ஒரு தொகுதிப்பெயர்தான்.

இந்தச் சோதனையில் ஒரு பள்ளம் இருக்கின்றது. தமிழ்ப் பத்திரிகைகள் மரியாதைக்காகவும் பழக்கத்தாலும் 'அணியினர் வெற்றி பெற்றனர்' என்றுதான் எழுதுகின்றன. ஆகவே '-இனர்' என்ற விகுதியை மாத்திரம் நம்பி 'ஆர்' போட்டுவிடாதீர்கள். 'தத்தம்' நுழைகின்றதா என்பதே முடிவைத் தரட்டும். இன்னொன்று: தொலைக்காட்சியில் இங்கிலாந்து வர்ணனையாளர் 'இங்கிலண்ட் ஆர் பட்டிங்' என்றும் 'இங்கிலண்ட் ஹவ் வொன்' என்றும் சொல்லக் கேட்டு, எங்கள் சோதனை பிழைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். விளையாட்டு அணிகளைப் பன்மையாகப் பேசுவது பிரித்தானிய வழக்கில் ஊறிப்போன ஒன்று. அது வழக்கு, விதியன்று.

ஒருமையையோ பன்மையையோ தெரிந்தெடுத்த பிறகு, வாக்கியம் முடியும் வரை அதைக் கைவிடக் கூடாது. என் வகுப்பில் நான் அதிகமாகச் சிவப்புக் கோடு இழுக்கும் இடம் இதுதான். 'த கொமிட்டி ஹஸ் கிவன் தெயர் ரிப்போர்ட்' என்று எழுதுகின்றவர், 'ஹஸ்' என்று ஒருமையில் புறப்பட்டு, ஒரு சொல் தள்ளி 'தெயர்' என்று பன்மைக்குத் தாவிவிடுகின்றார். பேச்சில் ஆங்கிலேயரே இப்படித் தாவுவதுண்டு. பரீட்சைத் தாளில் அதற்கு மன்னிப்பை எதிர்பார்க்காமல் 'ஹஸ் கிவன் இட்ஸ்' என்றோ, 'ஹவ் கிவன் தெயர்' என்றோ ஒரே நேராக எழுதுவது நல்லது. 'குழுவானது' என்று நினைத்தால் 'விச் ஹஸ்', 'குழுவினர்' என்று நினைத்தால் 'ஹூ ஹவ்' என்று இணைப்புச் சொல்லும் கூடவே மாறும்.

'ஃபாமிலி' என்ற சொல்லில் மட்டும் சற்று நின்று போவோம். 'மை ஃபாமிலி இஸ் லார்ஜ்' என்பதில் 'ஆர்' வரவே முடியாது, ஏனெனில் பெரிதாக இருப்பது குடும்பம். 'ஆர் லார்ஜ்' என்று எழுதினால் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் பருத்த உடம்புக்காரர் என்று பொருள்பட்டுவிடும். 'மை ஃபாமிலி ஆர் ஏர்லி ரைசர்ஸ்' என்பதில் விடியற்காலையில் எழும்புகின்றவர்கள் தனித்தனி மனிதர்கள்.

யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்றால் ஒரு கிளை லண்டனிலும் இன்னொரு கிளை டொரொன்டோவிலும் இருப்பது வழக்கம். லண்டன் மச்சான் 'மை டீம் ஆர்' என்று மின்னஞ்சல் எழுத, டொரொன்டோ மச்சாள் 'மை டீம் இஸ்' என்று எழுதினால், யார் பிழை என்று மல்லுக்கு நிற்க வேண்டாம். பிரித்தானிய வழக்கு இரண்டையும் ஏற்கும். வட அமெரிக்க வழக்கு பெரும்பாலும் ஒருமையையே விரும்பும். இலங்கைப் பாடசாலைகளின் ஆங்கிலம் பிரித்தானிய வழியில் வந்ததாயினும், ஐயம் வரும்போது மாணவர்களுக்கு நான் ஒருமையையே சொல்லிக்கொடுக்கின்றேன். ஒருமைக்கு எந்த நாட்டிலும் எதிர்ப்பில்லை.

ஆனால் ஒருமைக்கு இடமே கொடாத சொற்கள் சில உண்டு. 'பொலிஸ்' அவற்றில் முதன்மையானது. 'பொலிஸ் வந்தது' என்று நாங்கள் நாள்தோறும் பேசுவதால், 'த பொலிஸ் ஹஸ் கம்' என்று எழுதிவிடுகின்றோம். 'பொலிசார் வந்தனர்' என்ற எழுத்துத் தமிழை நினைத்து 'த பொலிஸ் ஹவ் கம்' என்று எழுத வேண்டும். மாடுகளைக் குறிக்கும் 'கட்டில்' என்ற சொல்லும், மக்களைக் குறிக்கும் 'பீப்பிள்' என்ற சொல்லும் இவ்வாறே 'ஆர்' மட்டும் கேட்கும். 'கட்டில்' என்பதுடன் 'ஸ்' சேர்ப்பது பெரும் பிழை.

'ஸ்டாஃப்' என்ற சொல்லை மறக்க எனக்கு வழியில்லை. முதல் வேலைக்கு விண்ணப்பித்தபோது, 'ஐ வில் வேர்க் வித் ஆல் த ஸ்டாஃப்ஸ்' என்று பெருமிதத்துடன் எழுதியிருந்தேன். நேர்முகத்துக்கு அழைத்த பெரியவர் அந்தக் கடைசி எழுத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, 'இத்தனை நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் வேலை செய்யப்போகின்றீரோ, தம்பி?' என்று கேட்டார். ஓர் அலுவலகத்தின் ஊழியர் அனைவரும் சேர்ந்துதான் 'ஸ்டாஃப்'. அவர்களுள் ஒருவர் 'ஏ மெம்பர் ஒஃப் ஸ்டாஃப்'. 'ஏ ஸ்டாஃப்' என்று ஓர் ஆளைச் சுட்டினால் அது கையில் பிடிக்கும் தடியாகிவிடும். 'ஃபர்னிச்சர்', 'லகேஜ்', 'இன்ஃபோமேஷன்' ஆகியவை தொகுதிப்பெயர் போலத் தோற்றமளித்தாலும் எண்ணமுடியாப் பெயர்கள். அவற்றுக்கு 'ஸ்' ஒருபோதும் சேராது, 'இஸ்' ஒன்றே சேரும்.

அடுத்தது, 'ஒஃப்' என்ற சொல் நடுவில் வந்து கண்ணைக் கட்டும் இடம். 'ஏ பஞ்ச் ஒஃப் கீஸ் வொஸ் ஃபவுண்ட்' என்பதில் 'கீஸ்' என்ற பன்மைச் சொல் வினைக்கு அருகில் நிற்பதால் கை தானாகவே 'வேர்' என்று எழுதிவிடும். கண்டெடுக்கப்பட்டது திறப்புக் கொத்து, அது ஒன்றே. இந்த விதிக்கு 'ஏ நம்பர் ஒஃப்' கட்டுப்படாது. 'மாணவர் பலர் வரவில்லை' என்ற கருத்தில் 'ஏ நம்பர் ஒஃப் ஸ்டுடன்ஸ் ஆர் ஆப்சென்ட்' என்றும், 'மாணவர் தொகை குறைந்துள்ளது' என்ற கருத்தில் 'த நம்பர் ஒஃப் ஸ்டுடன்ஸ் ஹஸ் ஃபோலன்' என்றும் வரும். 'பலர்' என்றால் 'ஏ', 'தொகை' என்றால் 'த' என்று ஓரத்தில் குறித்து வையுங்கள்.

இவ்வளவும் கைவந்த பின் சொற்களைச் சேர்க்கலாம். அதற்குப் பட்டியலைவிடச் சந்தை நல்லது. ஒரு காலைப்பொழுதில் சிறு கொப்பியுடன் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய், கண்ணில் படும் தொகுதிகளைத் தமிழில் எழுதிக்கொண்டு, வீட்டில் வந்து ஆங்கிலத்தைத் தேடுங்கள். கீரைப் பிடியும் முந்திரிகைக் குலையும் ஆங்கிலத்தில் 'பஞ்ச்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். விறகுக் கட்டு 'பண்டில்' ஆகும். வாழைப்பழக் கடையில்தான் சுவையான சிக்கல். எங்களுக்குக் குலை வேறு, சீப்பு வேறு. சீப்பு என்றவுடன் தலைவாரும் 'கோம்ப்' என்ற சொல்லை எழுதிய மாணவி ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். வாழை வணிகத்தின் ஆங்கிலத்தில் குலை 'பஞ்ச்', சீப்பு 'ஹாண்ட்', தனிப்பழம் 'ஃபிங்கர்'. நாங்கள் சீப்பைக் கண்ட இடத்தில் அவர்கள் கையையும் விரல்களையும் கண்டிருக்கின்றார்கள். எனினும் கடைக்குப் போகும் சாதாரண ஆங்கிலேயர் சீப்பையும் 'பஞ்ச்' என்றே கேட்பார். ஆகவே பேச்சுக்கு 'பஞ்ச்' போதும்.

விலங்குகளில், நாங்கள் 'மந்தை' என்ற ஒரு சொல்லில் அடக்குவதை ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கின்றது. மாட்டு மந்தை 'ஹேர்ட்'. செம்மறி மந்தை 'ஃப்ளொக்'. அந்த 'ஃப்ளொக்' பறவைகளுக்கும் ஆகும் என்பதால், கடல்நீரேரியில் இறங்கும் பூநாரைக் கூட்டத்தையும் அதே சொல்லால் அழைக்கலாம். நாயின் ஓர் ஈற்றுக் குட்டிகள் 'லிட்டர்', கோழியோடு திரியும் குஞ்சுகள் 'ப்ரூட்'. கடலுக்குள் திரியும் மீன்கூட்டம் 'ஷோல்', அதுவே வலையில் அகப்பட்டுக் குருநகர்க் கரைக்கு வந்துவிட்டால் 'கட்ச்'. காகக் கூட்டத்துக்குக் கொலை என்று பொருள்படும் 'மேர்டர்' போன்ற விசித்திரப் பெயர்கள் பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பட்டியல்களிலிருந்து வந்தவை. அவற்றுள் புகழ்பெற்றது 1486இல் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் அச்சான வேட்டை நூல் ஒன்றில் இருக்கின்றது. அந்தப் பட்டியல் கன்னியாஸ்திரிகளுக்கும் 'மிதமிஞ்சிய தொகை' என்று பொருள்படும் பெயரைச் சூட்டியிருப்பதைக் கண்டால், அதில் எவ்வளவு விளையாட்டு என்று விளங்கும். பொழுதுபோக்குக்கு வாசியுங்கள், மனப்பாடம் வேண்டாம்.

பயிற்சிக்கு அன்றைய தமிழ்ப் பத்திரிகையே போதும். முதற்பக்கத்தில் குழு, அணி, அரசு, சபை, சங்கம், பொலிசார் ஆகிய சொற்கள் வரும் ஐந்து வாக்கியங்களுக்குக் கோடிடுங்கள். ஒவ்வொன்றிலும் 'தத்தம்' என்பதைப் பென்சிலால் எழுதி, உரத்து வாசியுங்கள். நொண்டினால் அழித்துவிட்டு, ஓரத்தில் 'இஸ்' என்று குறியுங்கள். நொண்டாவிட்டால் 'ஆர்' என்று குறியுங்கள். பொலிசார் வந்தால் வாசிக்காமலே 'ஆர்' போடுங்கள். அதன் பிறகுதான் முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். என் மாணவர்களுக்கு இரண்டாவது வாரத்திலேயே பென்சில் தேவைப்படுவதில்லை. உதடு மட்டும் அசையும்.