புளியங்கொட்டையை வைத்துக் கூட்டலின் பண்புகள்

பரிமாற்றுப் பண்பு, சேர்ப்புப் பண்பு என்று பெயர்களை ஒப்பிக்கும் பிள்ளை, 3 + 18 என்று கொடுத்தால் மூன்றில் ஆரம்பித்து பதினெட்டு முறை விரல் மடக்குகிறது. பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. பெயர் தெரிகிறது, அதை எங்கே பயன்படுத்துவது என்று யாரும் காட்டித் தரவில்லை. சரி, இருபது புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: திருப்பிப் போடுங்கள்

இடக்கையில் 3 கொட்டை, வலக்கையில் 9. இடக்கையை முதலில் தரையில் கொட்டி, அப்புறம் வலக்கையைக் கொட்டி எண்ணுங்கள்: 12. அடுத்த முறை வலக்கையை முதலில் கொட்டுங்கள். அதே 12. குவியலைப் பார்த்து எந்தக் கை முதலில் கொட்டியது என்று சொல்லவே முடியாது. 3 + 9 = 9 + 3. இதுதான் பரிமாற்றுப் பண்பு. இனி 3 + 18 வந்தால் 18-ஐ மனதில் வைத்துக்கொண்டு 19, 20, 21. மூன்றே விரல்.

கழித்தலில் இது செல்லாது. பத்து ரூபாயில் மூன்று ரூபாய் செலவழிப்பதும், மூன்று ரூபாயை வைத்துக்கொண்டு பத்து ரூபாய் செலவழிப்பதும் ஒன்றல்ல.

படி 2: சேர்க்கையை மாற்றுங்கள்

எட்டு ஒரு குவியல், ஏழு ஒரு குவியல். ஏழிலிருந்து 2 கொட்டையை எட்டின் பக்கம் தள்ளுங்கள். இப்போது 10, 5. கூட்டாமலேயே 15 தெரிகிறது. எழுதினால்:

8 + (2 + 5) = (8 + 2) + 5

எண்கள் வரிசையாக அப்படியே நிற்கின்றன, அடைப்புக்குறி மட்டும் நகர்ந்திருக்கிறது. இது சேர்ப்புப் பண்பு. பலரும் குழம்புவது இங்கேதான்: எண் இடம் மாறினால் பரிமாற்று, அடைப்புக்குறி இடம் மாறினால் சேர்ப்பு.

மளிகைச் சீட்டில் 68, 45, 32, 55 என்று இருக்கிறதா? மேலிருந்து கீழாகக் கூட்டாதீர்கள். 68-க்கு ஜோடி 32, 45-க்கு ஜோடி 55. நூறும் நூறும் இருநூறு. இரண்டு பண்புகளும் சேர்ந்துதான் இதை அனுமதிக்கின்றன.

படி 3: பூஜ்ஜியம்

வெறுங்கையைக் குவியல்மேல் கொட்டினால் எதுவும் மாறாது: 7 + 0 = 7. அதனால் 0-ஐக் கூட்டல் சமனி என்கிறோம். கி.பி. 628-லேயே இந்தியக் கணித மேதை பிரம்மகுப்தர் இந்த விதியை எழுதியிருக்கிறார். நேர் எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் வைத்து, சமமான செல்வமும் கடனும் சேர்ந்தால் பூஜ்ஜியம் என்றார். 5 + (−5) = 0. இப்படிக் கூட்டினால் பூஜ்ஜியம் தரும் எண்தான் கூட்டல் நேர்மாறு. எனக்குத் தெரிந்து கூட்டல் நேர்மாறுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

படி 4: வெளியே போகிறதா?

எந்த இரண்டு முழு எண்களைக் கூட்டினாலும் முழு எண்தான் வரும். இது அடைவுப் பண்பு. ஒற்றை எண்களுக்கு இது கிடையாது: 3 + 5 = 8, இரட்டை எண் ஆகிவிட்டது.

இப்போது நீங்களே செய்யுங்கள்: 17 + 26 + 0 + 83 + 74. விடை 200. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எந்தப் பண்பைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதுங்கள்.